நாற்றம் நின்றுபோன வீடு

ஆம்பூர்
12-7-1935

சிரஞ்சீவி தம்பி கோதண்டபாணிக்கு அக்கா செல்லம்மாள் ஆசீர்வாதம்.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. உன் மாமாவுக்குக் காலில் அடி. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தவர், அடியில் கிடந்த இரும்புக் கொக்கியை மிதித்துவிட்டார். அன்றைக்கு வேலை முடியும் வரை அப்படியே நின்றுவிட்டு, கந்தலைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். "இன்னாங்க இது, இவ்ளோ ரத்தம்?" என்று நான் கத்தினால், "சும்மா கீறல் தான். பேஜார் பண்ணாத" என்கிறார்.

கீறல் இல்லை தம்பி. உள்ளங்காலில் ஆழமாக ஏறியிருக்கிறது. இப்போது புண் நாறுகிறது. டேனரிக்குப் பக்கத்திலேயே குடித்தனம் செய்கிறவள் நான், எனக்கு நாற்றம் புதிதில்லை. ஆனால் இது வேறு நாற்றம். சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. நீரிழிவுக்காரருக்குப் புண் லேசில் ஆறாது, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கம்பவுண்டர் சொல்கிறார். இவரிடம் சொன்னால், "அங்க போனா காலை எடுத்துடுவாங்க. ஒத்தக் காலோட எவன் என்னைத் தொட்டியில இறக்குவான்?" என்று திருப்பிக் கேட்கிறார். நான் சொன்னால் எடுபடாது. நீ வந்து சொன்னால் கேட்பார். படித்த மச்சான் பேச்சு என்றால் அவருக்கு ஒரு பெருமை.

வருவாயா? போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு வந்தவன், இலை முன்னால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுநாளே கிளம்பினாய். அதன் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில்தான் வளர்ந்தாய். எங்கள் மேல் நாற்றம் அடிக்கிறது என்பதே அன்றைக்கு உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்கு மனசு இவ்வளவு வலித்திருக்காது.

அக்கா
செல்லம்மாள்


மைசூர்
19-7-1935

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மாமாவின் காலைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். கம்பவுண்டர் சொல்வது சரிதான். வேலூருக்குப் போகச் சொல்லி நானும் சொன்னதாக மாமாவிடம் சொல்.

அந்தக் கைக்குட்டையை இன்னும் மறக்கவில்லையா நீ? நான் வேண்டுமென்றா செய்தேன்? ரயிலை விட்டு இறங்கியதும் குமட்டிக்கொண்டு வந்தது, அக்கா. பதினேழு வயது வரை அதே ஊரில் திரிந்தவனுக்கு அப்படி வருமா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அந்தத் திகைப்புதான் இப்போது எனக்குப் படிப்பாகிவிட்டது. மனோதத்துவத்தில் எம்.ஏ. கட்டுரைக்கு என்ன விஷயம் என்று பேராசிரியர் கேட்டபோது, நான் ஆம்பூர் ஸ்டேஷனைத்தான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அதையே எடுத்துக்கொள் என்றார்.

நாங்கள் செய்வதைச் சொன்னால் உனக்கும் சிரிப்பு வரும். ஒரு சின்ன அறையில் பெருங்காய டப்பாவைத் திறந்து, மேலே மல் துணி கட்டி வைத்துவிடுவோம். ஒரு மாணவனை உள்ளே உட்கார வைப்போம். முதலில் முகத்தைச் சுளிப்பான். கொஞ்ச நேரம் போகும். பிறகு வாசனை எப்படியிருக்கிறது என்று கேட்டால், "டப்பாவை எடுத்துட்டீங்களே" என்பான். டப்பா அவன் காலடியிலேயே இருக்கும். எலுமிச்சம்பழத்தைக் கீறி நீட்டினால் அது மட்டும் உடனே தெரியும். ஆக மூக்கு கெட்டுப்போகவில்லை. அந்த ஒரு வாசனைக்கு மட்டும் தூங்கிவிடுகிறது. இதுவரை உட்கார்ந்தவர்களில் ஒருவன்கூட "என் மூக்கு மரத்துப்போச்சு" என்று சொல்லவில்லை. எல்லோரும் டப்பாவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எங்களுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

அக்கா, எனக்கு ஒரு உதவி செய். டேனரியில் வேலை செய்கிறவர்களிடம் இரண்டே கேள்வி கேட்க வேண்டும். இங்கே நாற்றம் இருக்கிறதா? முன்பு இருந்ததா? அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்பு. வருஷக்கணக்கில் ஒரே வாசனையில் இருப்பவர்கள் மைசூரில் எனக்கு எங்கே கிடைப்பார்கள்? பேராசிரியர் ஆவலாக இருக்கிறார்.

இப்போது வர முடியாது. பாதியில் விட்டால் முதலிலிருந்து எல்லோரையும் உட்கார வைக்க வேண்டியிருக்கும். தசராவுக்குக் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி
கோதண்டபாணி


ஆம்பூர்
5-8-1935

சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம்.

நீ கேட்ட வேலையைச் செய்தேன். என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். மாமாவோடு தொட்டியில் நிற்கிற அருணகிரி அண்ணனை முதலில் கேட்டேன். "நாத்தமா? எந்த நாத்தம்? ஆபீசுக்குப் புதுசா ஒரு கிளார்க்கு வந்துக்கிறான், சென்ட்டு போட்டுக்கினு. அவன் கிட்ட வந்தா தான் நாறுது" என்றார். தோலிலிருந்து மயிர் பிடுங்குகிற பெண்களைக் கேட்டேன். "முன்னெல்லாம் ஜாஸ்தி. இப்போ முதலாளி சுத்தமா வெச்சிக்கிறாரு, கம்மியாயிடுச்சி" என்றார்கள். அந்த முதலாளி வந்த நாளிலிருந்து ஒரு சாக்கடை தூர் வாரியதில்லை. நீ சொல்கிறபடியே டப்பாவைத்தான் சந்தேகப்படுகிறார்கள் போலிருக்கிறது.

நல்ல சமாசாரம் ஒன்று. மாமாவின் கால் தேறிவிட்டது. வேலூருக்குப் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர், அருணகிரி அண்ணனை விட்டு டேனரியிலிருந்து ஆவாரம்பட்டைத் தண்ணீர் கொண்டுவரச் செய்து, காலையும் மாலையும் அதில் காலை ஊற வைத்தார். இங்கே கை கால் வெட்டுக்கு எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். "இத்தாம் பெரிய மாட்டுத் தோலையே அழுகாம வெக்குது, என் தோலை வெக்காதா?" என்பது அவர் நியாயம். நான் நம்பவில்லை. இப்போது பார்த்தால் புண் மேல் கறுப்பாகத் தோல் மூடிக்கொண்டது. தட்டிப் பார்த்தால் செருப்பு மாதிரி கெட்டியாக இருக்கிறது. வலி துளிகூட இல்லை என்கிறார். நாற்றமும் அடியோடு நின்றுவிட்டது. முதல் வாரம் சோறு இறங்காமல் கிடந்தவள், இப்போது அவர் காலடியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

வேலூர் பயம் விட்டது. உன்னையும் தொந்தரவு பண்ணிவிட்டேன். தசராவுக்கு வா. மாமா உனக்கென்று ஒரு ஜோடி செருப்புக்கு நல்ல தோலாகப் பார்த்து வைத்திருக்கிறார். அதுவும் நாறும் என்று சொல்லிவிடாதே.

அக்கா


மைசூர்
13-8-1935

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்! அருணகிரி அண்ணன் சொன்னதை வகுப்பில் வாசித்தேன், எல்லோரும் கைதட்டினார்கள். சாக்கடை தூர் வாராததைப் பற்றி நீ எழுதியதையும் வாசித்தேன். "உன் அக்காவை இங்கே சேர்த்துவிடு, நீ ஊருக்குப் போ" என்றார் பேராசிரியர்.

ஆனால் அவர் மேஜையைத் தட்டி, "இதுதான் சாட்சியம்" என்றது எதற்குத் தெரியுமா? மாமாவின் புண்ணைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்துக்கு. முதல் வாரம் சோறு இறங்கவில்லை, பிறகு நாற்றம் அடியோடு நின்றுவிட்டது என்கிறாய். நின்றது நாற்றமா, முகர்கிறவர்களின் மூக்கா என்பதை அந்த வீட்டில் உள்ளவர்களால் சொல்லவே முடியாது. வெளியிலிருந்து ஒரு புது மூக்கு வந்தால்தான் தெரியும். கேட்டு வாங்கிய பதிலைவிட, கேட்காமல் வந்த இந்த வாக்கியம் மதிப்பு வாய்ந்தது என்கிறார். ஊர், பேர் இல்லாமல் அதை என் கட்டுரையின் மூன்றாம் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன். அத்தியாயமே இப்போதுதான் எழுந்து நிற்கிறது.

மாமாவுக்குக் கால் குணமானதில் மிகவும் சந்தோஷம். இனிமேலாவது பார்த்து இறங்கச் சொல். மயிர் பிடுங்குகிற பெண்கள் எத்தனை வருஷமாக வேலை செய்கிறார்கள் என்று எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் எழுது.

உன் தம்பி
கோதண்டபாணி


ஆம்பூர்
30-8-1935

சிரஞ்சீவி தம்பிக்கு.

உன் கடிதத்தில் மாமாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாமாவின் காலுக்கு ஏதாவது ஆபத்து என்கிறாயா, இல்லை அது உன் படிப்புப் பேச்சா? எனக்கு விளங்கவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு விளங்குகிற மாதிரி எழுதக்கூடாதா?

ஏன் கேட்கிறேன் என்றால், சாயங்காலமானால் அவருக்கு நடுக்கம் வருகிறது. மலை ஜுரம் என்று கம்பவுண்டர் கொயினா கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து பார்க்கச் சொன்னேன், வரவில்லை. மருந்து மட்டும் மடித்துக் கொடுத்தார். இரண்டு வாய்க்கு மேல் கஞ்சி இறங்கவில்லை. காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் வலியே இல்லை என்கிறார். கணுக்கால் கொஞ்சம் கறுத்திருக்கிறது. அது பட்டைத் தண்ணீரின் சாயம் என்று அருணகிரி அண்ணன் சொல்கிறார்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு மனசு கேட்கவில்லை. அருணகிரி அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணா, கிட்டப் போய் மோந்து பாருங்க" என்றேன். குனிந்து முகர்ந்தார். "ஒண்ணும் இல்லம்மா. பட்டை வாசனை தான். நல்ல பதமா ஆறிக்கினு வருது" என்றார். மாமா சிரித்துவிட்டார். "மச்சான் சொன்னானா? என் காலையும் பரீட்சையில வெச்சிட்டானா?" என்றார். அவர் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். மகள் பிரசவத்துக்கு என்று ஆடி பிறக்குமுன் சென்னைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. எங்களுக்கென்று பிள்ளையா குட்டியா? உன்னைத்தான் பிள்ளையாக நினைத்தோம். ஒரு நாள் வந்துவிட்டுப் போ. ஒரே நாள். உட்காரக்கூட வேண்டாம்.

அக்கா


மைசூர்
5-9-1935

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். நான் எழுதியது ஆராய்ச்சிக்காகச் சொன்ன பொதுவான விஷயம். மாமாவின் காலைப் பற்றித் தனியாக எதுவும் நினைத்து எழுதவில்லை. நீயாக ஏதேதோ எண்ணிப் பயந்துகொள்ளாதே.

ஆனாலும் அருணகிரி அண்ணன் முகர்ந்தது கணக்கில் சேராது. அவரும் அதே தொட்டியில் நிற்கிறவர். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் முகர்ந்து பார்க்கச் சொல். ஜுரம் நிற்காவிட்டால் வேலூரில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. நாள் கடத்த வேண்டாம். பயப்படும்படி ஒன்றும் இராது என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மாத நடுவில் பெரிய பரிசோதனை இருக்கிறது, பெங்களூரிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். 27ஆம் தேதி லீவு விடுகிறார்கள். அன்றைக்கே ரயில் ஏறுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

கோதண்டபாணி


வேலூர், ஆஸ்பத்திரித் தாழ்வாரம்
18-9-1935

தம்பிக்கு.

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்தும் நீ வரவில்லையா, இல்லை கிடைக்கவே இல்லையா, தெரியவில்லை. நர்ஸம்மா ஒரு காகிதம் கொடுத்தார். என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு வேலூருக்குப் போகலாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "உன் தம்பியே பயம் இல்லன்னு எழுதிக்கிறானே" என்று உன் கடிதத்தையே எனக்குப் படித்துக் காட்டினார். சனிக்கிழமை முனவ்வர் பேகம் சென்னையிலிருந்து வந்தார். பேரன் பிறந்திருக்கிறான், பேணி இனிப்பு வாங்கி வந்திருக்கிறேன் என்று வாசலிலிருந்தே கூவிக்கொண்டு வந்தவர், நிலைப்படிக்கு உள்ளே கால் வைக்கவில்லை. முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டார். "யா அல்லா! இன்னாடி செல்லம்மா இது? உள்ளே இன்னா செத்துக் கிடக்குது?" என்றார். நான் ஒன்றுமில்லையே என்றேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை தம்பி. அவர் மறுபடியும், "ஒண்ணும் இல்லையா? தெரு முனையிலயே அடிக்குதுடி!" என்று கத்தினார். உள்ளே மாமா படுத்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

பேகம்தான் கையை நீட்டி அந்தக் கறுப்புத் தோலைப் பெயர்த்தார். அடியில் இருந்ததை நான் எழுத மாட்டேன். தோல் மேலே பதமாகி மூடிக்கொண்டது, உள்ளே முழங்கால் வரைக்கும் அழுகி ஓடியிருக்கிறது. வண்டிக்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். பேகம் அவனைத் திட்டி, தன் வீட்டு அத்தர் சீசாவை வண்டியில் கொட்டி ஏற வைத்தார்.

இங்கே தொடைக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்கிறார் டாக்டரம்மா. நல்லவர். அவர் கேட்டதும் தப்பில்லை. "ஏம்மா, இவ்வளவு நாள் அந்த ரூம்ல எப்படிம்மா உக்காந்திருந்தே?" என்று கேட்டார். மாமா காலடியில் உட்கார்ந்து சோறு தின்றேன் என்று சொல்லட்டுமா? தலையைக் குனிந்துகொண்டேன். அழுக்குப் பிடித்த ஜனங்கள் என்று அவர் நினைத்திருப்பார். நான் தினம் இரண்டு வேளை அந்தக் காலைக் கழுவினேன் தம்பி. வெந்நீர் வைத்துக் கழுவினேன்.

இங்கே பினாயில் வாசனை. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "செல்லம்மா, நான் இன்னும் நாறுறனா?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

வந்துவிடு.


மைசூர்
16-10-1935

அன்புள்ள அக்காவுக்கு,

கருமாதி முடிந்து நான் கிளம்பும்போதுகூட நீ என்னோடு பேசவில்லை. பாலாற்றங்கரையிலிருந்து வீடு வரை உன் பின்னாலேயே நடந்து வந்தேன். நீ ஒரு முறையும் திரும்பவில்லை. எல்லோர் முன்னாலும் நீ என்னை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தந்தி வந்த அன்றே கிளம்பியிருக்க வேண்டும். மறுநாள் பரிசோதனை முடித்துக்கொண்டு கிளம்பினேன். குடியாத்தத்தில் வண்டி நின்றபோது அருணகிரி அண்ணனைப் பார்த்தேன். மாமாவின் அக்காவுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். எதைச் சொல்லிவிட்டு என்று நான் கேட்கவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்துகொண்டு எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? டாக்டர்களே கண்ணால் பார்த்தால்தான் சொல்ல முடியும். நான் எழுதியது மூக்கைப் பற்றி, புண்ணைப் பற்றி இல்லை. இதை ராத்திரி பகல் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடிக்கும் வரை சரியாக இருக்கிறது, சொல்லி முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் அத்தியாயத்திலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். ஏன் என்று பேராசிரியர் கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கத்தை வாங்கி ஒரு முறை படித்தார். பிறகு, "இப்போதுதான் அது நிரூபணமாகியிருக்கிறது" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்லுமுன் எனக்கும் அதே நினைப்பு வந்தது அக்கா. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

படிப்பை விட்டுவிடவா? நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். என்னைத் திட்டியாவது ஒரு கார்டு போடு.

உன் தம்பி
கோதண்டபாணி


ஆம்பூர்
9-1-1936

தம்பிக்கு.

உன் கடிதங்கள் எல்லாம் குடியாத்தத்துக்கு வந்து சேர்ந்தன. பதில் போட மனசு இல்லை. இப்போதும் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துப் படிக்காதே.

படிப்பை விடவா என்று என்னைக் கேட்கிறாய். விட்டால் எனக்கு என்ன வரப்போகிறது? படி. ஆனால் தூரத்தில் இருந்ததால் தெரியவில்லை என்று மட்டும் இனி எனக்கு எழுதாதே. உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை இப்போது படித்தால் எல்லாம் விளங்குகிறது. என் கடிதத்தை நீ என் தம்பியாகப் படித்திருந்தால் அன்றைக்கே ரயில் ஏறியிருப்பாய். நீ வேறு யாராகவோ படித்தாய். கை தட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் அவர் கால் அழுகிக்கொண்டிருந்தது. நானும் குற்றவாளிதான். உன்னை மட்டும் சொல்லவில்லை. கூடவே இருந்தவள் நான்.

கருமாதிக்குப் பிறகு அவருடைய அக்கா ரங்கம்மாள் என்னைக் குடியாத்தத்துக்குக் கூட்டிப் போனார். தறிக்காரர் வீடு. கஞ்சிப் பசை வாசனையும் நூல் வாசனையும்தான். என் பெட்டியில் அவர் வேட்டி ஒன்று இருந்தது, காலில் அடிபடுவதற்கு முன் டேனரிக்குக் கட்டிக்கொண்டு போனது. வெளுக்கவில்லை. கார்த்திகை மாதம் ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன். தம்பி, அவர் வந்து நின்றார். சுண்ணாம்பும் பட்டையும் வேர்வையும் பீடியும் கலந்து, அவரேதான். பதினாறு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தேன், அவருக்கு இப்படி ஒரு வாசனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விழுந்து அழுதேன். அதன் பிறகு தினமும் சாயங்காலம் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் முகம் வைத்துக்கொள்வேன். ரங்கம்மாள் சகிக்காமல், "குடலைப் புடுங்குது. குடு, தொவச்சித் தர்றேன்" என்று கை வைத்தார். பெரிய சண்டை ஆகிவிட்டது. புருஷனோடு வாழ்கிறவர், அவருக்கு என்ன தெரியும் என்று வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன். அதன் பிறகு அங்கே இருக்க முடியவில்லை.

டேனரியில் மயிர் பிடுங்குகிற வேலைக்கு வரச் சொன்னார்கள். தை பிறக்கட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை, வந்துவிட்டேன். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் குமட்டிவிட்டது. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பொங்கலுக்கு வந்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்காக உன் மேல் வைத்திருந்த கோபம் போய்விட்டது. மற்ற கோபம் இருக்கிறது.

ஊர் முழுக்க அவர் வாசனையாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் டேனரிச் சுவர் ஓரமாகவே நடந்தேன். முனவ்வர் பேகம் என்னைப் பார்த்து, "ஏன்டி அழுவுற, வந்ததும் வராததுமா?" என்றார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்றால் அவருக்குப் புரியாது.

மறுநாள் வேலைக்குப் போனேன். மத்தியானம் வரை அவர் வாசனை இருந்தது. அதற்குப் பிறகு கம்மியாயிற்று. நான் வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன், ஆற்றங்கரைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். வந்த உடனே கொஞ்சம் வரும், பிறகு போய்விடும். இப்போது அதுவும் இல்லை. நேற்று வேலை விட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். வேட்டியில் முகத்தை அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெறும் துணி. ஒன்றுமே இல்லை.

டப்பா அங்கேதான் இருக்கும் என்று நீ எழுதுவாய். படிப்பு அப்படித்தான் சொல்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் மனசு கேட்கவில்லை. உண்மையாகவே போய்விட்டிருந்தால்? துணிதானே, எத்தனை மாதம் தாங்கும்? என்னால் கண்டுபிடிக்க முடியாது. பேகமும் திரும்பி வந்து நாலு மாதம் ஆகிவிட்டது, அவராலும் முடியாது. இந்தத் தெருவில் யாராலும் முடியாது.

பொங்கலுக்கு லீவு விடுவார்கள் அல்லவா? வா. ஸ்டேஷனுக்கே கொண்டுவருகிறேன், நீ வண்டியை விட்டு இறங்குமுன் ஜன்னல் வழியாக உன் கையில் கொடுக்கிறேன். அவர் அதில் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துச் சொல். பொய் சொல்லாதே.

செல்லம்மாள்